விநாடிக் கணக்கில் ஒரு வித்தகர்

2008ஆம் ஆண்டில், கணிப்பொறியைச் சதுரங்கத்தில் வெல்வது மனிதனுக்கு இனி இயலாத காரியம் என்று உலகம் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்ட காலத்தில், அந்நாளில் மிகுந்த பிரபலம் பெற்றிருந்த ரிப்கா என்ற சதுரங்க நிரலுக்கும் இருபது வயது அமெரிக்க இளைஞர் ஒருவருக்கும், ஆளுக்கு மூன்றே நிமிடம் என்ற கெடுவில், இணையத்தின் வழியாக ஓர் ஆட்டம் நடந்தது. கறுப்புக் காய்களோடு ஆடிய அவ்விளைஞர், முதற்காரியமாகத் தம் சிப்பாய்களை எதிரியின் சிப்பாய்களோடு முட்டவிட்டுப் பூட்டிப் பலகையின் குறுக்கே ஒரு மதிலை எழுப்பினார். அதன்பின் யானையைக் கொடுத்து அதைவிட மதிப்புக் குறைந்த காயை வாங்கிக்கொண்டு, தன் பக்கமே மேலோங்கி நிற்பதாக யந்திரம் கணக்கிடும்படி செய்தார். பிறகு மதிலுக்குப் பின்னால் காய்களை இங்குமங்கும் நகர்த்திக்கொண்டு காத்திருந்தார். ஐம்பது நகர்த்தல்கள் வரை ஒரு காயும் வெட்டப்படாமலும் ஒரு சிப்பாயும் அசையாமலும் இருந்தால் ஆட்டம் டிரா என்பது சதுரங்க விதி. மேலோங்கி நிற்பதாகக் கணக்கிட்ட யந்திரம் அந்த டிராவைத் தவிர்க்க வேண்டித் தன் சிப்பாயைத் தானே தள்ளி மதிலைத் திறந்துவிட, திறந்த வழியே கறுப்புப் படை உள்ளே புகுந்தது. 271ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. ராணியாக மாற்றியிருக்கக்கூடிய சிப்பாய்களை அவ்விளைஞர் மந்திரிகளாக மாற்றி வைத்திருந்தார். மூன்று நிமிடத்துக்கு நூற்றெண்பது விநாடிகள். ஒரு நகர்த்தலுக்கு ஒரு விநாடிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் ஹிகாரு நகமுரா. இணையச் சதுரங்கம் என்ற புதிய களத்தில் அவரளவுக்குப் பெயர் நாட்டியவர்கள் மிகச் சிலரே. அவருடைய ஆட்டமுறையின் சூட்சுமம் என்னவென்று பலர் பலவாறு சொல்லுகிறார்கள். கைவேகம் என்பார் சிலர், கணக்கிடும் சக்தி என்பார் சிலர். நான் பல ஆண்டுகளாக அவருடைய ஆட்டங்களைப் பலகையில் வைத்துத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்து வந்தவன். எனக்குத் தோன்றுவது இது: பலகையில் மிகச் சிறந்த நகர்த்தல் எது என்று பிறர் தேடிக்கொண்டிருக்கும்போது, எதிரே அமர்ந்திருப்பவரை மிகுதியாகத் திணற வைக்கும் நகர்த்தல் எது என்று அவர் தேடுகிறார். ரிப்காவுக்கு எதிரே அவர் கட்டிய மதில் சாஸ்திரப்படி உயர்ந்த ஆட்டமல்ல. ஆனால் அந்த யந்திரத்துக்கு அதைவிடக் கொடிய பொறி வேறொன்றும் இருந்திராது. அவருடைய பலமும், அவர் இன்னும் செப்பனிட வேண்டிய குறையும் இந்த ஒரே ஊற்றிலிருந்தே பிறக்கின்றன என்பதுதான் என் துணிபு.

1987இல் ஜப்பானில் ஹிராகடா என்னும் ஊரில் பிறந்த நகமுரா, இரண்டு வயதில் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரை அடுத்த ஒயிட் பிளெயின்ஸில் வளர்ந்தவர். அவருக்கும் அவருடைய தமையனுக்கும் சதுரங்க ஞானம் ஊட்டிய மாற்றாந்தந்தை சுனில் வீரமந்திரி, இலங்கையில் பிறந்து அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் போதிப்பதில் கீர்த்தி பெற்ற ஆசான். 2003இல், பதினைந்து வயது நிரம்பிய சில வாரங்களிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அடைந்து, பாபி ஃபிஷர் அமெரிக்காவில் நெடுங்காலம் வைத்திருந்த வயதுச் சாதனையை முறியடித்தார். அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்றிருக்கிறார்.

இணையத்தில் ஆடும் சதுரங்கம் எவ்வகையில் வேறுபட்டது என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். காய்களும் விதிகளும் ஒன்றே, கெடுதான் வேறு. மூன்று அல்லது ஐந்து நிமிட ஆட்டத்தைப் பிளிட்ஸ் என்றும், ஒரு நிமிட ஆட்டத்தைப் புல்லட் என்றும் சொல்லுகிறார்கள். எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் கடிகாரம் தீர்ந்தால் ஆட்டம் போயிற்று. மவுஸைப் பிடித்துக் காயை இழுத்து வைக்கும் அந்த அரைவிநாடியும் கணக்கில் சேரும். இதற்காகவே 'பிரீமூவ்' என்றொரு வசதி உண்டு: எதிரி ஆடுவதற்கு முன்பே நம் பதிலைக் குறித்து வைத்துவிடலாம், அவர் காயை வைத்த கணமே நம் காய் தானாக நகரும். எதிரி நாம் எண்ணியபடி ஆடினால் ஏறக்குறைய நேரமே செலவில்லை. எண்ணாதபடி ஆடினாலோ, குறித்து வைத்த நகர்த்தலே நம் ராணியைக் காவு கொடுத்துவிடக்கூடும். ஆகவே எதிரி அடுத்து என்ன செய்வார் என்பதை அவரைவிட முன்னதாக உணரும் திறம் இந்த ஆட்டத்தில் பிராண சமானமானது. நகமுராவின் புல்லட் ஆட்டத்தைத் திரையில் பார்ப்பவருக்கு, கடைசிப் பத்து விநாடிகளில் இருபது முப்பது நகர்த்தல்கள் பொழிவதும், அவற்றில் ஒரு காயேனும் வீணாகப் பறிபோகாமல் இருப்பதும் கண்கட்டு வித்தை போலத் தோன்றும். உண்மையில் அது சிறுபிராயம் முதற்கொண்டு செய்த அப்பியாசத்தின் பலன்.

தாக்குதலில் அவருடைய கற்பனை எத்தகையது என்பதற்கு, இணையத்துக்கு வெளியே, 2007இல் பார்சிலோனாவில் போலந்து நாட்டு மிஹல் கிராசென்கோவோடு அவர் ஆடிய ஆட்டம் ஒன்றே போதும். இருபத்தோராவது நகர்த்தலில், வெள்ளை ராஜாவுக்கு அருகே நின்ற சிப்பாயைத் தம் ராணியால் வெட்டி, அந்த ராணியை ராஜாவே வெட்டிக்கொள்ளும்படி வைத்தார். வெட்டிய ராஜா தன் அரணைவிட்டு ஒரு கட்டம் வெளியே வந்தது. மந்திரி 'செக்' வைக்க, இன்னொரு கட்டம். யானை வைக்க, இன்னொரு கட்டம். குதிரை வைக்க, மேலும் ஒரு கட்டம். இப்படி முதல் வரிசையில் பத்திரமாக இருந்த ராஜா ஐந்தாம் வரிசை வரை, எதிரியின் பாசறைக்குள்ளேயே இழுத்து வரப்பட்டது. இருபத்தெட்டாவது நகர்த்தலில் கிராசென்கோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த ஆட்டத்தை முதன்முறை பலகையில் வைத்துப் பார்த்த இரவு, ராணியைக் கொடுத்தபின் ஒவ்வொரு நகர்த்தலிலும் நின்று, வெள்ளைக்குத் தப்ப வழி உண்டா என்று தேடித் தேடி விடியும்வரை உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் தாக்குதலைக் காட்டிலும் தற்காப்பே அவருடைய மேலான சித்தி என்று நான் சொல்லுவேன். சிப்பாய் ஒன்று குறைந்து, ராஜாவின் அரண் சிதைந்து, வேறெவரும் கைவிட்டுவிடும் நிலையில், நகமுரா நிலைமையைச் சரிசெய்ய முயலுவதில்லை; அதை மேலும் சிக்கலாக்குகிறார். வெல்ல வேண்டியவருக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் இரண்டு மூன்று வழிகள் தென்படும்; அவற்றில் ஒன்றுதான் சரி; கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஒரு முறை தவறும்வரை நகமுரா புதிய புதிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருப்பார். செஸ்.காம் தளத்தில் பட்டம் பெற்ற ஆட்டக்காரர்களுக்கென்று நடைபெறும் 'டைட்டில்டு டியூஸ்டே' போட்டிகளை அவர் எத்தனையோ முறை வென்றிருப்பதற்கு, வென்ற ஆட்டங்களைவிட இப்படித் தோற்காமல் தப்பித்த ஆட்டங்களே பெரிய காரணம்.

'ஸ்பீடு செஸ் சாம்பியன்ஷிப்' என்ற இணையப் போட்டியில் ஒன்றரை மணி நேரம் ஐந்து நிமிட ஆட்டங்களும், ஒரு மணி நேரம் மூன்று நிமிட ஆட்டங்களும், கடைசி அரைமணி ஒரு நிமிட ஆட்டங்களுமாக, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு விநாடி கூடச் சேர்த்து, மூன்று மணி நேரம் இருவர் விடாமல் பொருதுவார்கள். 2017ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதியில் அந்நாளைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் 18–9 என்ற கணக்கில் நகமுராவைத் தோற்கடித்தார். அவ்வளவு பெரிய தோல்விக்குப் பின் தளர்ந்துபோகாமல், 2018 முதல் 2022 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து அப்பட்டத்தை நகமுராவே வென்றார். அந்த ஐந்தாவது வெற்றி கார்ல்சனையே 14.5–13.5 என்று வீழ்த்தியது. அடுத்த ஆண்டு கார்ல்சன் 13.5–12.5 என்று திருப்பிக் கொடுத்தார். ஓர் ஆட்டத்துக்கு இப்புறமும் அப்புறமுமாக நிற்கும் இந்தக் கணக்கு, சமகால மாவீரரோடு இணையத்தில் அவர் சரிசமமாக நின்றதற்குச் சாட்சி.

இனி குறைகளுக்கு வருவோம். எதிரியைத் திணற வைக்கும் யுக்தி எதிரிக்கு நேரம் இல்லாதபோது பலிக்கிறது. நேரம் இருக்கும்போது என்ன ஆகும்? 2005இல், பதினேழு வயது நகமுரா ஸ்காண்டிநேவியாவில் நடந்த சிகேமன் போட்டியில் நம் சென்னை கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக, ராஜாவின் முன் சிப்பாயை இரு கட்டம் நகர்த்தியபின், இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியைப் பலகையின் ஓரத்துக்கு வீசினார். நான்கு நகர்த்தலில் 'மேட்' கிடைக்குமென்று எண்ணிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யும் காரியம் அது; கிராண்ட்மாஸ்டர்கள் அரங்கில் எவரும் எதிர்பாராதது. சசிகிரண் பதறவில்லை; ஒவ்வொன்றையும் ஆற அமர யோசித்து விடை கண்டு, நெடிய ஆட்டத்தில் நகமுராவை வென்றார்.

பல மணி நேரம் நீளும் கிளாசிகல் ஆட்டங்களில் கார்ல்சனோடு நிலைமை இன்னும் கடுமை. பன்னிரண்டு ஆட்டங்களில் தோற்றபின், ஒரு வெற்றியைக் காண நகமுரா 2016இல் பில்பாவோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014இல் ஸூரிக்கில் கார்ல்சனின் ராஜாவைச் சூழ்ந்து வெற்றியின் வாசலில் நின்றவர், தீர்க்கமான நகர்த்தலைக் கண்டுகொள்ளாமல் விட்டு, முடிவில் தோற்றே போனார். விரைந்து வரும் முதல் நல்ல நகர்த்தலை நம்பிப் பழகிய மனம், அதைவிட நல்லது ஒன்று இருக்கிறதா என்று இருபது நிமிடம் அமர்ந்து தேடும் பொறுமைக்கு எளிதில் இணங்குவதில்லை என்பதே அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்குப் படுகிறது.

ஆரம்ப வியூகம் இரண்டாவது குறை. இணையத்தில் அவர் பல முறை ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன் நிற்கும் சிப்பாயை ஒரே கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவார். எதிரியை மனப்பாடம் செய்த பாதையிலிருந்து விலக்கி, பழக்கமில்லாத காட்டுக்குள் கூட்டிச் செல்வதே அதன் நோக்கம். முதல் வரிசைக் காய்களைக் குலுக்கிப் போட்டு அடுக்குவதால் மனப்பாடத்துக்கே இடமில்லாத ஃபிஷர் முறைச் சதுரங்கத்தில், 2022இல் ரெய்க்யவிக்கில் அவர் உலகப் பட்டம் வென்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும், மனப்பாடமும் முன்தயாரிப்பும் ஆட்சி செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியிலோ, முதல் நாற்பது நகர்த்தல்களுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்ற நிதானத்தில், காடு என்பதே இல்லை. 2024இல் டொராண்டோவில் நடந்த அப்போட்டியில், 47 கிளாசிகல் ஆட்டங்களாகத் தோல்வி காணாதிருந்த நகமுராவை, வீட்டிலேயே ஆராய்ந்து வைத்திருந்த மந்திரிப் பலியால் ராஜாவின் அரணை உடைத்து இந்தியாவின் விதித் குஜராத்தி தோற்கடித்தார். அதே போட்டியில் இரண்டாம் முறையும் தோற்கடித்தார். அந்தப் போட்டியில் நகமுரா தோற்றவை அவ்விரண்டு ஆட்டங்கள் மட்டுமே. கறுப்புக் காய்களோடும் வெள்ளைக் காய்களோடும், எதிரி ஆழமாகத் தோண்டியிருக்கக்கூடிய பாதைகளைத் தாமே முன்னதாகத் தோண்டிப் பார்க்கும் உழைப்பை அவர் இன்னும் இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது குறையைச் சொல்ல எனக்கு மனம் கூசுகிறது. ஆயினும் மறைப்பது முறையன்று. ஒரே ஆட்டத்தில் எல்லாம் அடங்கியிருக்கும் தருணங்கள் அவருக்குக் கைகூடுவதில்லை. 2020 ஆகஸ்டில் கார்ல்சனோடு ஏழு நாள் நடந்த இணைய இறுதிப் போட்டி, மும்மூன்று வெற்றிகளோடு சமமாக நின்று, கறுப்புக்கு டிராவே வெற்றி என்ற நிபந்தனையுள்ள கடைசி ஆட்டத்துக்கு வந்தது. வெள்ளையோடு ஆடிய நகமுராவால் கார்ல்சனின் டிராவைத் தடுக்க முடியவில்லை. 2022இல் மாட்ரிட் கேண்டிடேட்ஸின் கடைசி நாளில் சீனாவின் டிங் லிரெனோடு டிரா செய்திருந்தால் இரண்டாம் இடம் அவருக்கு உறுதி. தோற்றார். சில வாரங்களில் கார்ல்சன் தம் உலகப் பட்டத்தைக் காக்கப்போவதில்லை என்று அறிவிக்க, இரண்டாம் இடம் பெற்ற டிங்கே மறுவருடம் உலகச் சாம்பியனாகிவிட்டார்.

டொராண்டோவின் கடைசிச் சுற்றிலும் அதே சோதனை. அரைப் புள்ளி முன்னே நின்றவர் சென்னையின் பதினேழு வயது குகேஷ். வெள்ளைக் காய்களோடு எதிரே அமர்ந்த நகமுராவுக்கு வெற்றியன்றி வேறு வழியில்லை. எந்த நகர்த்தல் அந்தப் பிள்ளையைத் திணற வைக்கும் என்று அவர் தேடாத மூலையில்லை. குகேஷோ ஒவ்வொரு முறையும் கண்களை மூடிச் சிறிது நேரம் அமர்ந்திருந்து, பிறகு சரியான கட்டத்தில் காயை வைத்தார். காய்கள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளப்பட்டு, பலகை மெல்ல மெல்லக் காலியாகி, 71ஆவது நகர்த்தலில் இருவரும் கைகொடுத்து எழுந்தபோது, கேட்பதற்கு ஒரு கேள்வியும் அந்தப் பலகையில் மிஞ்சியிருக்கவில்லை.