கம்பியில்லா மின்சாரம்: டெஸ்லா கோபுரத்துக்குப் பின்

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ஷோர்ஹாம் என்ற சிற்றூரில், 1901-இல் நிக்கோலா டெஸ்லா ஒரு கோபுரம் கட்டத் தொடங்கினார். உயரம் 187 அடி. உச்சியில் காளான் குடை போன்ற இரும்புக் கூடு. வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் 1,50,000 டாலர் கொடுத்தது கடல் கடந்து செய்தி அனுப்பத்தான். டெஸ்லா நினைத்ததோ பூமியையே கடத்தியாக்கி, கேட்கும் இடத்திலெல்லாம் மின்சாரம் தருவது! அந்த ஆண்டு டிசம்பரிலேயே மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டிச் சைகை அனுப்பிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்தார். 1917-இல் கோபுரம் இடிக்கப்பட்டது.

பணம் மட்டும் கிடைத்திருந்தால் உலகுக்கே இலவச மின்சாரம் வந்திருக்கும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். டெஸ்லாவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை ஏற்க முடியவில்லை. எல்லாத் திசையிலும் பரவும் அலை, தூரம் இரட்டித்தால் கால்பங்காகிவிடும். செய்திக்கு அந்தத் துளி போதும், வாங்குகிற இடத்தில் பெருக்கிக்கொள்ளலாம். விளக்கெரிக்க அது காணாது.

பரப்புவதை விட்டு, குவித்து அனுப்பத் தொடங்கிய பிறகே வழி பிறந்தது. 1975-இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் வில்லியம் பிரவுனும் நாசா பொறியாளர்களும் மைக்ரோவேவ் கற்றையால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி 30 கிலோவாட் பெற்றார்கள். கற்றையைப் பிடித்த ஏற்பி, தன்மேல் விழுந்த ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மின்சாரமாக்கியது. ஆனால் கற்றையின் சிறு பகுதிதான் அதன்மேல் விழுந்தது. 2025-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான தார்பா, லேசர் மூலம் 8.6 கிலோமீட்டர் தாண்டி 800 வாட்டுக்கு மேல் கொண்டு சேர்த்தது, 30 விநாடி. அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பிறகும் நிலைமை இதுதான்.

காற்றில் ஏற்கெனவே திரியும் அலைகளைப் பிடிப்பது வேறு கதை. பேட்டரியே இல்லாமல், வானொலி அலையின் ஆற்றலிலேயே அந்தக் காலத்துப் படிக வானொலி காதுக்குள் பாடியது. இன்று அப்படிப் பிடிப்பது பெரும்பாலும் மைக்ரோவாட் கணக்கில்தான். சிறு உணரிக்குப் போதும், மின்விசிறிக்குப் போதாது. மெட்ரோ பயண அட்டையும் பேட்டரி இல்லாமல் இயங்குகிறது, ஆனால் வாசலிலுள்ள கருவி அருகிலிருந்து ஊட்டும் ஆற்றலில். செல்போனைக் கம்பியில்லாமல் சார்ஜ் செய்யும் தட்டும் அப்படித்தான், சில மில்லிமீட்டர் விலகினாலே திணறும்.

கம்பி போக முடியாத இடத்துக்கு, ட்ரோனுக்கும் விண்கலத்துக்கும், இந்த ஆய்வு அவசியம். வீட்டுக்குக் கம்பிதான் சிக்கனம். காற்றிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் என்று யாராவது கருவி விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாட், எவ்வளவு தூரம், அனுப்பியதில் எத்தனை விழுக்காடு வந்து சேர்ந்தது?