சீட்டு வாங்காமல் வாட்ச்சைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்

காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்களின் பட்டியலில் மாப்பிள்ளை வாட்ச்சும் பெரும்பாலும் இருக்கும். காந்தி ரோட்டில் புடவை எடுத்த கையோடு வாட்ச் கடைக்குள் நுழைவார்கள். சரிகையை உரசிப் பார்த்து, சில்க் மார்க் இருக்கிறதா என்று கேட்டு, நாலு கடை ஏறி இறங்கிப் புடவை எடுத்தவர்கள் வாட்ச் விஷயத்தில் பெட்டியின் பளபளப்போடு நின்றுவிடுகிறார்கள். பில்லில் மாடல் எண் எழுதியிருக்கிறதா, வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கல்யாணக் களேபரத்தில் அந்த அட்டை எங்கோ போய்விடும். ஆறு மாதம் கழித்து முள் நின்ற பிறகுதான் வீடு முழுக்கத் தேடுவார்கள்.

வாட்ச் கட்டுவதில் உள்ள சந்தோஷத்தில் பாதி, அதைப் பழுது பார்க்க முடியும் என்பதில் இருக்கிறது. அப்பா கட்டியதை மகன் கட்டலாம். கண்ணாடி கீறினால் மாற்றலாம், ஸ்ட்ராப் நைந்தால் மாற்றலாம், ஓட்டம் பின்தங்கினால் கழுவி எண்ணெய் போட்டு ஓட வைக்கலாம். எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அந்த நாளைய ஜனதா, பைலட் வாட்ச்கள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன. காலையில் சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் சக்கரம் நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000 துடிப்பு என்று வேலை செய்யும். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்சை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகமும் ஒரு பொத்தான் செல்லும் சேர்ந்து அதை ஓட்டுகின்றன. அதிலும் செல், காயில், தேவைப்பட்டால் மெஷின் முழுவதையுமே மாற்றலாம்.

பழுது பார்க்கக் கொடுக்கும் இடத்தில்தான் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம். தெரிந்த கடை, பல வருஷப் பழக்கம், சீட்டு எதற்கு என்று நினைக்கிறோம். சீட்டு கேட்பது கடைக்காரரைச் சந்தேகப்படுவதாக ஆகாது. அவரையும் அது காக்கிறது. கொடுக்கும் முன் டயலையும் பின்மூடியில் உள்ள எண்ணையும் செல்போனில் படம் எடுங்கள். விலை உயர்ந்ததாகவோ பழையதாகவோ இருந்தால், உங்கள் எதிரிலேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பழைய வாட்ச்சின் பின்மூடிக்கு உள்பக்கம், முன்பு சர்வீஸ் செய்தவர்கள் ஊசியால் கீறிவைத்த சிறு குறிகள் இருக்கும். மெக்கானிக் அவற்றைக் காட்டியே எத்தனை கை மாறியிருக்கிறது என்று சொல்வார். அது தனி ரசனை. சீட்டில் வாட்ச்சின் பெயர், எண், என்ன பழுது, ஏறக்குறைய எவ்வளவு கூலி, என்றைக்குக் கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். பாகம் மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு வேலைக்காக ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 151-ஆவது பிரிவில் சொல்கிறது. அந்தக் கவனம் இல்லாமல் வாட்ச் தொலைந்தாலோ கெட்டாலோ கடைக்காரர் பொறுப்பு. கூலி கொடுத்துப் பெறும் பழுது வேலை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் நீங்கள் நுகர்வோராகவே புகார் செய்யலாம். பில் தர மறுப்பதை அதே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. எனவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மலைத்துத் திரும்பி வராதீர்கள். பொருளில் குறை இருந்தால் அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது.

முதலில் கடையில் பேசுங்கள். ஒத்துவரவில்லை என்றால் நடந்ததைத் தேதியோடு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பல பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை சென்னையில் இருந்தாலும், இணையத்தில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறை உண்மையா என்று பார்க்கப் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயிரம் ரூபாய் வாட்ச்சுக்கு இவ்வளவு அலைவதா என்று கேட்பவர்கள் 1915-இல் ஒரு அழைப்பாவது செய்துவிட்டுப் பிறகு கேட்கட்டும்.

போலி விஷயத்துக்கு வருவோம். அசல் என்றால் என்ன, அதன் பெயரில் வேறொன்றை விற்றால் யார் வயிற்றில் அடி விழும் என்பது காஞ்சிபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விசைத்தறிப் புடவையைக் காஞ்சிப் பட்டு என்று விற்கும்போது பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரின் கூலிதான் போகிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியது அதற்காகத்தான். "ஃபர்ஸ்ட் காப்பி" என்று விற்கப்படும் வாட்ச்சும் அதே வகை. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி போலிச் சின்னம் போட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. காப்பி என்று தெரிந்தே வாங்கியவர் பிறகு கெட்டுப்போனதென்று புகார் சொல்ல இடமில்லை.

இன்னும் நுட்பமான ஏமாற்று பழைய எச்.எம்.டி. வாட்ச்களில் நடக்கிறது. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்த பிறகு அவற்றுக்கு மவுசு கூடியது. டயலைப் புதிதாகச் சாயமடித்து, வேறு வேறு வாட்ச்களின் முள்ளையும் மெஷினையும் ஒன்றாக்கி, பழைய அசல் என்று இணையத்தில் விற்கிறார்கள். எச்.எம்.டி. ஒருபோதும் செய்யாத பளீர் நிறங்களில் டயல் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பழையதைப் புதுப்பித்துப் புதியது என்று விற்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். இணைய விற்பனைத் தளங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்றவர் வியாபாரி இல்லாமல் ஒரு தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம் கைகொடுப்பது கடினம். பில் இல்லாத, மலிவான உயர்ரக வாட்ச் திருட்டுப் பொருளாக இருந்தால், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் அது உங்களுடையது ஆகாது. உரியவர் கேட்டால் போய்விடும்.

வாட்ச்சால் உடம்புக்கு வரும் ஆபத்துகளில் குழந்தைகள் பற்றியதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டிஜிட்டல் வாட்ச்கள் பலவற்றில் இருக்கும் 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதற்காகக் கிளம்பத் தாமதிக்கக் கூடாது. சிறிய செல்லை மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் அவசரம்தான். பழைய செல்லைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். நின்றுபோன வாட்ச்சுக்குள் செல்லை வருடக்கணக்கில் வைத்திருந்தால் அது கசிந்து மெஷினையும் கெடுக்கும்.

1960-களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிரும் சாயத்தில் ரேடியம் உண்டு. ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். வீட்டில் திறந்து சுரண்டாதீர்கள். 30 மீட்டர் நீர் தாங்கும் என்று எழுதியிருப்பது கை கழுவும் தெறிப்புக்கும் தூறலுக்கும்தான். அதோடு குளத்தில் முழுக முடியாது. செல் மாற்றிய பின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். மலிவுச் செயினில் உள்ள நிக்கல் சிலருக்கு அரிப்பு தரும், தோல் ஸ்ட்ராப்புக்கு மாறிவிடலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. சாலையோரக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் லென்ஸைக் கண்ணில் மாட்டி உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக்கு அசல் பாகம் கிடைப்பது வர வர அரிதாகிறது. எச்.எம்.டி.க்குப் பழைய இருப்பையும் உடைந்த வாட்ச்களையும் நம்பியிருக்கிறார். வெளிநாட்டு உயர்ரக நிறுவனங்கள் பல, பாகங்களைத் தங்கள் சர்வீஸ் மையத்துக்கு வெளியே கொடுப்பதில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் அதில் உண்டு. வாட்ச்சுக்குத் தனி இடம் இல்லை. ஆனால் 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகம் தராத 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதே நியாயம் மணிக்கட்டுக்கும் வர வேண்டும். வாங்கும்போதே "வெளியில் சர்வீஸ் செய்ய முடியுமா, பாகம் கிடைக்குமா" என்று கேட்பதும், இல்லை என்றால் வேறு வாட்ச் பார்ப்பதும் இன்றே நம்மால் முடிந்தவை.

மெக்கானிக்குக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, வேலையைச் சரியாக முடித்தவர் கூலி கிடைக்கும் வரை வாட்ச்சைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். நடப்பில் கூலி கொடுக்க ஆளே வருவதில்லை. கொடுத்துவிட்டு மறந்தவர்களின் வாட்ச்கள், சரிசெய்யப்பட்டு, பெயரெழுதிய சிறு பாலித்தீன் பைகளில் மெக்கானிக்கின் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. போட்ட பாகத்தின் காசும் அதில் முடங்கியிருக்கிறது. உங்களுடையது ஒன்று அப்படி எங்கேனும் இருந்தால், இந்த வாரமே கூலியைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.