தீத் தப்பு வழி (இங்கிலாந்தின் வாடகைக் குடியிருப்புகள்)

தீத் தப்பு வழி என்பது தீ விபத்தின்போது கட்டடத்தில் இருப்போர் பாதுகாப்பாக வெளியேறுவதற்கான பாதை ஆகும். நடைவழி, படிக்கட்டு, கதவுகள் ஆகியன இதில் அடங்கும். இங்கிலாந்தில், 2005 ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணைப்படி, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுப் பகுதிகளில் இவ்வழியைப் பேணுவது கட்டடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரின், பெரும்பாலும் உரிமையாளரின், கடமையாகும்.

தீக்கதவு

வீட்டு நுழைவாயிலில் அமையும் தீக்கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடின், ஒரு வீட்டின் புகை நடைவழியை நிரப்பிப் படிக்கட்டையும் அடையும்.

கிரென்ஃபெல் தீ விபத்து

2017 சூன் 14 அன்று இலண்டனின் 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரத்தில் ஏற்பட்ட தீயில் 72 பேர் இறந்தனர். தீ வெளிச்சுவர் உறை வழியாகப் பரவியது. கட்டடத்தில் ஒரே படிக்கட்டுதான் இருந்தது. பல வீட்டுக் கதவுகளில் மூடுகருவி பழுதாகியோ இல்லாமலோ இருந்தமை புகை பரவ உதவியது என விசாரணையில் தெரியவந்தது.

பின்னைய விதிகள்

2023 சனவரி 23 முதல், 11 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள குடியிருப்புக் கட்டடங்களில் பொதுவழித் தீக்கதவுகள் 3 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். வீட்டு நுழைவுக் கதவுகளை ஆண்டுதோறும் சோதிக்க இயன்றவரை முயல வேண்டும். வாடகை வீட்டில் மக்கள் வசிக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும். அது பழுதானதாகக் குடியிருப்பவர் தெரிவித்தால், சரிசெய்வது 2022 அக்டோபர் 1 முதல் உரிமையாளரின் சட்டக் கடமையாகும்.