நேர்கோட்டில் 430 கிலோமீட்டர்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் பஸ் ஏறுகிற இடமே இப்போது பழைய இடத்தில் இல்லை. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய கடைத்தெரு தண்ணீருக்குள் போனது. அதற்குப் பதிலாக 2018இல் லக்கல புதிய நகரம் எழுந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டின் திருச்சி நேர்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர். ரிவஸ்டன் மலை வளைவுகளைத் தாண்டி, ரத்தோட்டை, மாத்தளை, குருநாகல் என்று பஸ் மாறி மாறிக் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், திருச்சிக்கு இன்னும் சுமார் 420 கிலோமீட்டர் இருக்கிறது. பாதி நாள் அலைச்சலில் குறைந்தது பத்தே கிலோமீட்டர்! அந்த 420ஐயும் விமானம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவதால் யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இங்கே கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்த காலத்தில் வழி வடக்கே இருந்தது. இராமநாதபுரம் கரையில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கியவர்கள், காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளையில்தான் மலையைத் தொட்டார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல் நடை. முன்னே ஆள் கூட்டிவந்த கங்காணி, தலையில் சட்டிபானை, இடுப்பில் பிள்ளை. குடிதண்ணீர் அகப்படாத இடங்கள், காலரா, காய்ச்சல். விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். கண்டிச்சீமை என்ற இந்த மலைநாட்டுக்கு ஆள் கட்டியவர்கள் இதையெல்லாம் ஊரில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் இருபுறத்து ரயிலும் இணைந்து வடக்கு வழி ரயில் வழியானது. அப்போது தொழிலாளியின் கழுத்தில் தகரத் துண்டு ஒன்று கயிற்றில் தொங்கும். அதில் தோட்டத்தின் குறியீடு பொறித்திருக்கும். அதைக் காட்டினால் போதும், பயணச் செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறிவிடும். இந்தியக் கரையின் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைத்த நாட்களைக் கழித்தால், கடலைக் கடப்பது சில மணி நேர வேலை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் போரோடு நின்றது. மாத்தளைக்காரருக்கு வடக்கு வாசல் அடைபட்டது அப்போதுதான்.

விமானக் காலத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியாவை முந்தி ஓடியது, பெரும்பாலும் அரை மணி. கொழும்பில் பத்துக்கு ஏறியவர் திருச்சியில் பத்தரைக்கு இறங்குவார்; திரும்பும்போது அதே பயணம் ஒன்றரை மணி நேரம் காட்டும்.

2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அங்கிருந்து சென்னை சுமார் 360 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்கு மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். பல்லேகமக்காரருக்கு இன்றைக்கும் கட்டுநாயக்கதான் லாபம்.