பூ கட்டும் கையால் ஒரு பொய்ப்பூச்சி

எங்கள் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தில் மீனே கிடையாது என்பார்கள். ஏதோ ஒரு முனிவரின் தவத்தைக் கலைத்ததால் வந்த சாபமாம். அந்தக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, மீன் வாசனையே அறியாத வீட்டில், நான் மூன்று வருஷமாக மீன் தூண்டிலுக்குப் பூச்சி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். என் மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "புரட்டாசி மாசத்திலே, அதுவும் இந்தத் தெருவிலே, இதென்னம்மா வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். என் தம்பிக்கு இமாசலப் பிரதேசத்தில் குலு பக்கம் பேங்க் உத்தியோகம். அங்கே தீர்த்தன் என்று ஒரு ஆறு. பனிமலையிலிருந்து வரும் தண்ணீர், கையை வைத்தால் விறைத்துவிடும். அதில் டிரவுட் என்ற மீன். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில்தான் உயிர் வாழும். தண்ணீரின் சூடு இருபது டிகிரியைத் தாண்டினால் திணறிப்போகும். அங்கே மீன் துறையில் பணம் கட்டிச் சீட்டு வாங்கினால் தூண்டில் போடலாம். தம்பி சாப்பிடுவதற்காகப் பிடிப்பதில்லை. பிடித்துப் பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடுகிறான். "அப்புறம் எதுக்குடா பிடிக்கணும்?" என்று நான் கேட்டேன். இன்றுவரை அவன் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை!

இந்த மீனுக்கு மண்புழு வைப்பதில்லை. தண்ணீரின் மேல் பறந்து விழும் பூச்சிகளை அது எழும்பி வந்து கவ்வும். ஆகவே சின்னத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்து, நீளமான பிரம்பைச் சாட்டைபோல் வீசித் தண்ணீரின்மேல் மெத்தென்று விழவைப்பார்கள். பூச்சிக்குக் கனமே கிடையாது, கயிற்றுக்குத்தான் கனம். அந்தப் பொய்ப்பூச்சிக்கு ஆங்கிலத்தில் ஃப்ளை என்று பெயர். கடையில் வாங்கினால் விலை அதிகம், மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் போயே போச்சு. லீவில் வந்தபோது நான் கதம்பம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அக்கா, உன் கைக்கு இது வரும்" என்றான். வந்துவிட்டது.

இது நம் ஊர்ச் சமாசாரமே அல்ல என்று ஒதுக்கிவிட வேண்டாம். டிரவுட் இந்த நாட்டு மீன் இல்லைதான். ஆனால் நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ம் வருஷமே வில்சன் என்ற துரை இதற்காகக் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்துவிட்டார். காஷ்மீருக்கு 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகள் கப்பலில் வந்தன. அங்கிருந்து குலுவுக்கு 1909-ல் கொண்டுபோனவர் ஹோவெல் என்பவர். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்காக ரோஜாச் செடியும் காரட்டும் கொண்டுவந்த மாதிரி மீனையும் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே அந்த ஆறுகளில் இருந்த சின்ன மீன்களுக்கு அதனால் என்ன ஆயிற்று என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பெண்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தேடியபோது ஆச்சரியமாக இருந்தது. 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் புத்தகத்தில் பன்னிரண்டு விதமான பூச்சி கட்டும் முறை இருக்கிறது. அதை எழுதியவர் ஒரு கன்னிகாஸ்திரீ என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற அம்மாள் இருந்தார். தொப்பி அலங்காரம் செய்வது அவருடைய தொழில். 1924 ஜூலை முதல் தேதி, வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டுப் புதுவிதமாக ஒரு பூச்சியைக் கட்டி, அதை எடுத்துக்கொண்டு போய்க் கிட்டத்தட்ட மூன்று கிலோ டிரவுட் ஒன்றைப் பிடித்தாராம். பத்திரிகைப் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு. வேலையைப் பாதியில் விட்டது அவருக்கு வைத்த கல்வெட்டிலேயே பதிவாகியிருக்கிறது. நாம் ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனால் கல்வெட்டா வைப்பார்கள்!

என் மனசுக்கு நெருக்கமானவர் ஸ்காட்லாந்தின் மேகன் பாய்ட். 1915-ல் பிறந்து 2001-ல் காலமானவர். கடலோரத்தில் மின்சாரம் இல்லாத குடிசையில் உட்கார்ந்து ஐம்பது வருஷம் போலப் பூச்சி கட்டினார். இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லஸ், இளவரசராக இருந்தபோது அவரிடம் வாங்கியிருக்கிறார். 1971-ல் அரசாங்கப் பதக்கம் அறிவித்தபோது, தன் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி அரண்மனைக்கு அவர் போகவில்லை. உலகப் புகழ் பெற்ற அந்தப் பெண்மணி மீன் பிடித்ததே இல்லை. கொல்ல மனம் வரவில்லையாம். இதைப் படித்த அன்று நான் மாமியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவ கட்டினதை வெச்சு மத்தவா பிடிச்சாளோன்னோ?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

சரி, கட்டும் விதம். வடக்கே மழை ஓய்ந்து செப்டம்பர் கடைசியில் ஆறு தெளிகிறது. அக்டோபர் முடிந்தால் இமாசலத்தில் டிரவுட் பிடிக்கத் தடை. மீன் முட்டையிடும் காலம், பிப்ரவரி கடைசி வரை யாரும் தொடக்கூடாது. நடுவில் கிடைக்கிற அந்த ஒரு மாதத்துக்காக நான் ஆவணியிலேயே உட்கார்ந்துவிடுவேன். முதலில் செய்து பார்க்கச் சுலபமானது ஈசல். மழை விட்ட மறுநாள் விளக்கைச் சுற்றி மொய்க்குமே, அதேதான். மாதிரிக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் நம்பர் முள் ஒன்று. நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். அதைப் பிடித்துக்கொள்ள மேஜையில் பொருத்தும் சின்ன வைஸ் வேண்டும்; இரும்புக் கடையில் கிடைக்கிறது. (ஸ்டீவன்ஸ் அம்மாள் வைஸே இல்லாமல் விரலில் பிடித்துக்கொண்டு கட்டினாராம். நீங்கள் முயல வேண்டாம்!) முள்ளின் நுனிக்குக் கீழே, மீன் நழுவாமல் இருக்க, பின்பக்கமாக ஒரு குட்டி முள் துருத்திக்கொண்டிருக்கும். முதல் வேலையாக அதை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீனை விடுவது சுலபம். உங்கள் விரலில் ஏறினாலும் வந்த வழியே திரும்பி வரும்.

பழுப்புத் தையல் நூலை முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னால் ஆரம்பித்து, வளைவு தொடங்கும் இடம்வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஆரம்பத்தில் முடிச்சு வேண்டாம். நூல் முனையின் மேலேயே சுற்றினால் பிடித்துக்கொள்ளும். பிறகு பழுப்புக் கம்பளி நூலைப் பிய்த்துப் பஞ்சாக்கி, தொங்கும் தையல் நூலோடு சேர்த்து விரலால் திரியுங்கள். விளக்குத் திரி திரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. அந்தத் திரியைப் பின்னாலிருந்து முன்னால் சுற்றினால் ஈசலின் வயிறு வந்துவிடும். காதுவரை போகாமல் மூன்றில் ஒரு பங்கு இடம் விடுங்கள்.

இறக்கைக்கு இரண்டு வெள்ளை இறகு நுனிகள். முதுகின்மேல் படுத்தாற்போல், உடம்பைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்துக் கட்டுங்கள். அதன் முன்னால் சேவலின் கழுத்து இறகு ஒன்றின் தண்டை வைத்துக் கட்டி, மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் இழைகள் விசிறிபோல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அவைதான் கால்கள். பூச்சியை மிதக்க வைப்பதும் அவைதான். கடைசியில் பூ கட்டுகிறபோது விரலில் நூலை வளைத்துப் போடுவோமே, அதே முடிச்சு மூன்று முறை. நூலை வெட்டிவிட்டு, முடிச்சின்மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு. ஜன்னல் பக்கம் வைத்துப் பூசுங்கள், நெடி அடிக்கும். முள்ளின் காது அடைத்திருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இரண்டு. பஞ்சை அதிகமாக வைப்பது ஒன்று, காதுவரை சுற்றி அடைத்துவிடுவது இன்னொன்று. என் முதல் ஆறு பூச்சிகளும் குண்டு வண்டுகள்போல் இருந்தன.

இறகுக்கு நான் ஜாம் பஜார் பக்கம் ஒரு கோழிக் கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சேவல் கழுத்து இறகை அவர் எடுத்துவைப்பார். சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, இறுக்கமான டப்பாவில் போட்டு மொட்டை மாடி அறையில் வைக்கிறேன். இறகைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு எதையும் தொடுவதில்லை. வீட்டிலே இதற்கு மேல் சலுகை கிடைக்கவில்லை.

ஒரு இறகை மட்டும் வாங்காதீர்கள். நம் மலைக்காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி என்று இருக்கிறது. அந்தச் சேவலின் கழுத்து இறகில் மஞ்சள் அரக்குச் சொட்டு விட்டாற்போல் புள்ளிகள் இருக்கும். அதற்காகவே ஒரு காலத்தில் அந்தப் பறவைகளைக் கொன்று தோலோடு சீமைக்குக் கப்பலேற்றினார்கள். ஸ்டீவன்ஸ் அம்மாள் கட்டிய பிரபலமான பூச்சியின் கன்னத்தில் இருப்பதும் அந்த இறகுதான். இன்று 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அந்தப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மலை ஊர் ஒன்றில் ஒருவர் காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததை எனக்கு ரகசியமாகக் காட்டினார். அழகு, கண்ணை விட்டு அகலவில்லை. ஆனாலும் வாங்கவில்லை. மீனைப் பிடித்தால் திரும்ப விடலாம், அந்தப் பறவையை எப்படி விடுவது?

இனி கைக்குழந்தை உள்ளவர்களுக்கு. போன வருஷம் நவராத்திரிக்கு என் நாத்தனார் பத்து மாதக் குழந்தையோடு வந்திருந்தார். மத்தியானம் நான் பன்னிரண்டு முள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் எண்ணினால் பதினொன்று! மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான். குழந்தை ஜமக்காளத்தில் தவழ்ந்துகொண்டிருக்கிறது, எதைக் கண்டாலும் வாயில் போடும் வயசு. எனக்கு வயிறு கலங்கிப்போயிற்று. குழந்தையைத் தூக்கச் சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்த பொம்மையை எடுத்துத் தரை முழுக்கத் தடவினேன். ஜமக்காளத்தின் நூலுக்குள் குத்திக்கொண்டு நின்றது, குழந்தை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து குழந்தை இருக்கும் வீட்டில் முள் டப்பாவைத் திறப்பதில்லை. மற்ற நாளிலும் எண்ணி எடுத்து, எண்ணி வைத்து, காந்தத்தால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். முள் விரலில் ஏறிவிட்டால் பதறி இழுக்கக் கூடாது. பின்முள் நசுக்கியதானால் வந்த வழியே மெதுவாக எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். நசுக்காத முள்ளோ, ஆழமாக இறங்கியதோ, கண்ணருகில் பட்டதோ என்றால் தொடாமல் நேரே ஆஸ்பத்திரிதான். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலும் அப்படியே. வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இறகைப் பூச்சி அரிக்காமலிருக்க ரசக்கற்பூர உருண்டை போடச் சொல்வார்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற என்சைம் ரத்தத்தில் குறைவாக இருக்கும். அவர்களுக்கு அந்த உருண்டையின் நெடியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுவிடலாம். துணி அலமாரிக்கும் இதே எச்சரிக்கைதான். வெயிலும் இறுக்கமான மூடியும் போதும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. எனக்கு வெள்ளெழுத்து வந்ததைக் கண்டுபிடித்ததே இந்த முள்ளின் காதுதான். நூல் கோக்க முடியவில்லை என்று விளக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போய்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதை வைத்து வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு பூச்சிக்கு எனக்கு இருபது நிமிஷம் பிடிக்கிறது, வாங்குகிற ஆள் ஒரே ஒரு தம்பி.

இந்தத் தடவை தெர்மாகோல் துண்டில் குத்தி, மாத்திரை டப்பாவில் வைத்து ஆறு ஈசல் அனுப்பினேன். அக்டோபர் நடுவில் போன் வந்தது. இரண்டு மரக்கிளையோடு போயிற்றாம். ஒன்றை மீன் கவ்விக் கரைவரை வந்ததாம். "தண்ணிக்குள்ளேயே வெச்சு முள்ளை எடுத்துட்டேன் அக்கா, ஒரு துள்ளுத் துள்ளிப் போயிடுத்து" என்றான்.

மாமியார் கொலுப்படி பக்கத்தில் உட்கார்ந்து திரி திரித்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "விட்டுட்டானாமா?" என்று கேட்டார்.

"விட்டுட்டானாம்மா."

"வாயிலே ரத்தம் வந்துதான்னு கேட்டியோ?"

கேட்கவில்லை. அடுத்த தடவை பேசும்போது கேட்க வேண்டும்.