படகிலிருந்து ஸ்கூபா மூழ்கலும் கேமராப் பாதுகாப்பும்

படகிலிருந்து ஸ்கூபா மூழ்கல் என்பது, கரையிலிருந்து எளிதில் சென்றடைய முடியாத கடற்பகுதிக்குப் படகில் சென்று, முதுகில் சுமந்த காற்று உருளையின் துணையால் நீருக்கடியில் மூச்சுவிட்டு நீந்தித் திரும்புவதாகும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இது ஆராய்ச்சிக்காகவும் பொழுதுபோக்கிற்காகவும் நடைபெறுகிறது. இவ்வாறு மூழ்குவோரில் பலர் கேமராவையும் உடன் கொண்டு செல்கின்றனர். கேமராவைக் கெடுப்பது பெரும்பாலும் கடலின் ஆழம் அன்று; படகில் ஏறுமுன்னும் படகின் மேலும் நேரும் சிறு கவனக்குறைவே. காப்புறையின் விளிம்பில் சிக்கிய ஒரு தலைமுடி போதும், கடல்நீர் உள்ளே வர.

வரலாறு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தலும் சங்கு குளித்தலும் மிகப் பழைய தொழில்கள். குளிப்பவர் கல்லின் எடையால் கீழே இறங்குவார்; மூச்சு முடியும் தறுவாயில், படகில் கயிறு பிடித்திருப்பவர் அவரை மேலே இழுப்பார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961-இல் நடைபெற்றது.

1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோ, எமில் கன்யான் ஆகிய இருவரும் உருவாக்கிய மூச்சுக்கருவி, கயிற்றையும் குழாயையும் நம்பாமல் நீருக்கடியில் நெடுநேரம் இருக்க வழிசெய்தது. இன்றைய ஸ்கூபா கருவிகள் அதன் வழிவந்தவையே.

நீரடி ஒளிப்படம் அதற்கும் மூத்தது. 1856-இல் இங்கிலாந்தின் வேமவுத் அருகே வில்லியம் தாம்சன் என்பவர் ஒரு பெட்டிக்குள் கேமராவை வைத்துப் படகிலிருந்து கடலுக்குள் இறக்கினார். பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது. ஆயினும் தட்டில் படம் பதிந்திருந்தது. நீரடிக் கேமராவின் வரலாறு நீர்க்கசிவிலேயே தொடங்குகிறது எனலாம். 1963-இல் வெளிவந்த நிக்கோனாஸ் கேமரா, தனிக் காப்புறை இல்லாமலே நீரில் இயங்கும் வகையில் அமைந்தது.

தமிழகக் கடற்பகுதி

கோவளம், புதுச்சேரி, இராமேசுவரம் முதலிய இடங்களில் மூழ்கல் பயிற்சி பெறலாம். பூம்புகாருக்கு அப்பாலும், 2002-இல் மாமல்லபுரத்திற்கு அப்பாலும், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் மூழ்குநர்கள் கடலடித் தொல்லியல் ஆய்வுகளை மேற்கொண்டனர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை மூழ்கி ஆய்ந்து வருகிறது. இத்தகைய ஆய்வுகளில் படமே சான்று. அடுத்த ஆண்டு அதே பாறையை ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய ஆண்டின் படம் வேண்டும். ஆகவே கேமரா நனைந்தால் போவது பணம் மட்டும் அன்று.

நீரின் தெளிவு பருவக்காற்றைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்; வடகிழக்குப் பருவக்காற்றின்போது பாக் நீரிணையும் சோழமண்டலக் கரையும் கலங்கும்.

நீரழுத்தமும் காப்புறையும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர்கள் பொதுவாக 18 மீட்டர் வரை இறங்கலாம். அந்த ஆழத்தில் 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சன்னலின்மீது ஏறத்தாழ 180 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்தும். இதைத் தாங்கக் கெட்டி நெகிழியாலோ அலுமினியத்தாலோ ஆன காப்புறை (ஹவுசிங்) தேவை.

கைப்பேசிகளில் குறிக்கப்படும் ஐ.பி.68 என்னும் தரம், குறிப்பிட்ட ஆழத்தில் குறிப்பிட்ட நேரம் அசையாத நன்னீரில் சோதிக்கப்பட்டது. உப்புநீரில் நீந்திக்கொண்டே மூழ்குவதற்கு அது உறுதி அளிக்காது. எனவே கைப்பேசிக்கும் தனிக் காப்புறை வேண்டும்.

ஓ-ரிங்

காப்புறையின் இரு பகுதிகள் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையமே ஓ-ரிங். வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியில் உள்ள கேஸ்கட் செய்யும் வேலையை ஒத்தது இதன் வேலை. குக்கரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே. கடலில் வெளியிலிருந்து உள்ளே. ஆழம் கூடக்கூட நீரழுத்தம் இரு பகுதிகளையும் இறுக்கி மூடுகிறது. எனவே, சரியாக மூடாத காப்புறையில் முதல் சில மீட்டர்களிலேயே கசிவு தெரிந்துவிடும்.

இதைப் பேணும் முறை:

1. வளையத்தைக் கூரிய பொருளால் நெம்பாமல் விரலால் கழற்ற வேண்டும்.
2. வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் நூல் உதிராத துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் முடி, மணல், உப்புத்துகள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.
3. தயாரிப்பாளர் தரும் கிரீசை மட்டும், வளையம் லேசாக மின்னும் அளவுக்குத் தடவ வேண்டும். கிரீசு மிகுந்தால் அதுவே தூசியைப் பிடிக்கும். பொருந்தாத கிரீசு வளையத்தை உப்பவைக்கலாம்.
4. வெட்டோ தட்டையான தழும்போ இருந்தால் புதிய வளையம் மாற்ற வேண்டும்.
5. நீண்ட நாள் பயன்படாத காப்புறையை, முதலில் கேமரா இல்லாமல் உள்ளே ஒரு மென்தாளை வைத்து நீரில் இறக்கிச் சோதிக்க வேண்டும்.

இந்த வேலையை முந்தைய இரவே அறையில் அமர்ந்து முடிப்பது நல்லது. ஆடும் படகில், ஈரக் கையுடன், காற்றில் உப்புத்திவலை பறக்கும்போது காப்புறையைத் திறந்து மூடுவதே கசிவுக்கு வழி.

ஆவி படிதல்

கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அந்தக் காற்றை உள்ளே அடைத்துக் குளிர்ந்த நீரில் இறங்கினால், கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து படம் மங்கும். குளிரூட்டிய, ஈரம் குறைந்த அறையில் காப்புறையை மூடுவதும், உள்ளே ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதும் இதைத் தவிர்க்கும். பொட்டலம் ஓ-ரிங்கின்மேல் படக்கூடாது. மூடிய காப்புறையைப் படகில் வெயிலில் விடாமல், நனைத்த துண்டால் போர்த்தி நிழலில் வைக்க வேண்டும்.

படகில் கையாளுதல்

ஃபைபர் படகுகளில் இடம் குறைவு. காற்று உருளைகளும் ஈயக்கட்டிகளும் உருளக்கூடும். கேமராவைத் தனிப் பெட்டியிலோ வாளியிலோ வைப்பது பாதுகாப்பு.

படகின் விளிம்பில் அமர்ந்து பின்புறமாகச் சாய்ந்து விழுவதே சிறு படகுகளில் வழக்கமான இறங்குமுறை. கேமராவைக் கையில் பிடித்தபடி விழக்கூடாது. நீர்ப்பரப்பில் அது அறைபடும். மூழ்குநரின் முகத்திலும் அடிக்கும். மூழ்குநர் முதலில் இறங்கித் தம் கருவிகளைச் சரிபார்த்தபின், படகிலிருப்பவர் கேமராவைக் கையில் கொடுக்க வேண்டும். திரும்பும்போது கேமராவை முதலில் மேலே கொடுத்துவிட்டு, பிறகு ஏற வேண்டும். கேமராவின் வாரை மூழ்குநரின் மேலாடை வளையத்தில் கொக்கியால் மாட்டினால் இரு கைகளும் தேவைக்கு உதவும்.

மேலே வந்தவுடன் உப்பு காயுமுன் நன்னீரில் ஊறவைத்து, நீருக்குள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் பலமுறை அழுத்த வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான்களின் சிறு வளையங்களை அரிக்கும்.

நீர் புகுந்தால்

காப்புறைக்குள் குமிழியோ நீரோ தென்பட்டால், மூழ்குநருக்கு முதலில் தோன்றுவது விரைந்து மேலே செல்ல வேண்டும் என்பதே. இதுவே மிக ஆபத்தானது. ஸ்கூபாவில் மூச்சை அடக்கி விரைந்து ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுக்களைக் கிழிக்கலாம். உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிப் பக்கவாதம்வரை கொண்டுபோகலாம். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும் கேமராவுக்காக மாறும் விதிகள் அல்ல.

லென்சு இருக்கும் முன்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்தால் நீர் அங்கே தேங்கி, கேமராவின் உடல் தப்ப வாய்ப்புண்டு. துணைவருக்குச் சைகை காட்டி, அவருடன் சேர்ந்தே ஏற வேண்டும். படகில் காப்புறையை முகத்திற்கு எதிராக வைக்காமல் மெல்லத் திறந்து, மின்கலத்தை உடனே நீக்க வேண்டும். கேமராவை இயக்கிப் பார்க்கக் கூடாது. நினைவக அட்டையைக் கழற்றினால் படங்களையாவது பெரும்பாலும் மீட்கலாம். அரிசிக்குள் புதைத்து வைப்பது உப்பை அகற்றாது; பழுதுபார்ப்பவரிடம் விரைவாகக் கொண்டு செல்வதே வழி.

பவளப்பாறைகள்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு மூழ்க வனத்துறையின் அனுமதி வேண்டும். கடற்பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்கீழ் காக்கப்படுகின்றன. கேமரா கையில் இருக்கும்போது கால் எங்கே படுகிறது என்பது மறந்துபோகும். துடுப்புக்கால் ஒருமுறை பட்டால் பல ஆண்டு வளர்ந்த பவளக்கிளை முறியும். மிதவைக் கட்டுப்பாடு நன்கு கைவந்த பின்னரே கேமரா எடுக்க வேண்டும் எனப் பயிற்சியாளர்கள் கூறுவது இதனால்தான்.

மூழ்கலுக்குப் பின் பயணம்

ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். மலைப்பாதைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். உயரம் செல்லச்செல்லக் காற்றழுத்தம் குறைந்து நைட்ரஜன் குமிழியாகக்கூடும். புதுச்சேரியில் மூழ்கிவிட்டு வேலூர், அமிர்தி, ஆம்பூர் பக்கம் திரும்புவோர் அன்றே ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ ஏறாமல், மறுநாள் செல்வது பாதுகாப்பானது.