படகு மரப்பூச்சு புதுப்பித்தல்

படகு மரப்பூச்சு புதுப்பித்தல் என்பது படகின் வெளிப்புற மரப்பகுதிகளில் தேய்ந்த பூச்சை நீக்கி, மீண்டும் பூசும் பராமரிப்புப் பணியாகும்.

தேவை

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைப்பதால், பூச்சற்ற மரம் சாம்பல் நிறமடைகிறது. வெடிப்புகளில் நீர் தங்கினால் பூஞ்சை பற்றி மரம் உளுத்துவிடும். மரத்துக்குப் பதிலாகப் பூச்சே தேய்கிறது. எனவே அதனைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

கெட்டுவள்ளம்

கேரளத்தின் உப்பங்கழிகளில் ஓடும் கெட்டுவள்ளம், அயினிப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பிணைத்துக் கட்டப்படும் மரக்கலமாகும். இதன் மீது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசப்படுகிறது. இவ்வெண்ணெயைச் சூடாக்கும்போது அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கார்டனால் என்னும் பீனால் வகைச் சேர்மமாக மாறுகிறது. இது பூஞ்சையையும் பூச்சிகளையும் தடுக்கிறது. இவ்வெண்ணெய் தோலைப் புண்ணாக்கக்கூடியது. ஆகவே கையுறை அணிந்தே பூச வேண்டும்.

வார்னிசு பூசும் முறை

* பழைய பூச்சைச் சுரண்டி நீக்கி, மரத்தை நன்கு உலர்த்த வேண்டும்.
* மரவரியின் போக்கிலேயே, சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி நயமான தாள்வரை தேய்க்க வேண்டும்.
* தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உள்ளதால், பூசுமுன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும்.
* முதற்பூச்சை நீர்த்த நிலையில் இட்டால் அது மரத்துள் ஊடுருவும். அடுத்தடுத்த பூச்சுகளுக்கிடையே உலரவிட்டு, மெல்லத் தேய்க்க வேண்டும்.

புதுப்பிக்கும் காலம்

பளபளப்பு மங்கும்போதே புதுப்பித்தால் மெல்லத் தேய்த்து மேற்பூச்சு இடுவதே போதுமானது. பூச்சு வெடித்து உரிந்தபின் முழுவதையும் சுரண்ட நேரிடும். ஒவ்வொரு முறையும் மரமும் சிறிது தேய்ந்து குறையும்.